கைக்குழந்தையும் கைப்பேசியும்: யார் காதில் விழுகிறது?

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் இரண்டு எண்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளோ 41.8 சதவீதம்தான். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 78.9 சதவீதம், முதல் மணி நேரத் தாய்ப்பால் 41.6 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் பத்துப் பிரசவங்களுக்கு ஒன்று வீதம் புதிதாக மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சீம்பால் கணக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிரசவ அறையில் மருத்துவர் உண்டு, செவிலியர் உண்டு, தாய்ப்பாலின் பெருமை பேசும் சுவரொட்டியும் உண்டு. தகவலுக்கு அங்கே பஞ்சமில்லை. சிசேரியன் முடிந்து எழ முடியாமல் கிடக்கும் தாயிடம் குழந்தையைக் கொண்டுவந்து அணைத்து வைக்கக் கை இல்லை; ஒரே நேரத்தில் பல பிரசவங்களைப் பார்க்கும் செவிலியருக்கு நேரம் இல்லை; தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் உறவினரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை.

கைக்குழந்தைகளின் உணவைச் சீர்செய்யக் கைப்பேசியைப் பயன்படுத்தும் திட்டங்களை எடைபோட இந்த எண்களே சரியான தொடக்கம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இத்திட்டங்களில் பெரும்பாலானவை ஒரே ஊகத்தின் மேல் நிற்கின்றன: தாய்க்குத் தெரியாததால் செய்யவில்லை, தெரிந்துவிட்டால் செய்துவிடுவாள். சாலை போகாத ஊருக்கும் சிக்னல் போகிறது. எனவே தெரியவேண்டியதை நேராக அவள் காதிலேயே சொல்லிவிடலாம் என்பது இதன் அடுத்த படி. கைப்பேசியால் குழந்தை உணவுக்கு உதவ முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அதை மறுப்பது என் நோக்கம் அல்ல. ஆனால் அது தெளிவாக உதவிய இடங்களை எடுத்துப் பார்த்தால், அங்கே கைப்பேசி இரண்டு பேரைப் பேச வைத்திருக்கிறது, அல்லது பலரைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வைத்திருக்கிறது, அல்லது வரவேண்டிய பணியாளரை வாசலுக்கு வரவழைத்திருக்கிறது. பதிவு செய்த குரலைத் தாயிடம் ஒருவழியாக ஒலிக்கவிட்ட இடங்களில், குறிப்பாகக் கிராமங்களில், குழந்தையின் கிண்ணம் மாறியதற்கான அடையாளம் மிகக் குறைவு.

இந்த வகைத் திட்டங்களில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று இந்தியாவில்தான் நடக்கிறது. 2013இல் பீகாரில் பிபிசி மீடியா ஆக்‌ஷன் அமைப்பு தொடங்கிய 'கில்காரி'யை 2016 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் நாடளாவிய திட்டமாக எடுத்துக்கொண்டது. கருவுற்ற நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, வாரம் ஒரு அழைப்பு என்று மொத்தம் 72 குரல் செய்திகள். டாக்டர் அனிதா என்ற கற்பனைப் பாத்திரம் பேசுகிறார். எழுத்தறிவு வேண்டாம், இணையம் வேண்டாம், பட்டன் போன் போதும். 2019இல் மும்பையின் ஆர்ம்மான் அமைப்பு இதை நடத்தும் பொறுப்பை ஏற்றபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களை இந்த அழைப்புகள் எட்டியிருந்தன. செய்திகளின் தரத்தைக் குறை சொல்வதற்கில்லை. எளிய பேச்சுமொழி, அந்தந்த வாரத்துக்குப் பொருந்தும் செய்தி, திகட்டாத நீளம். அப்படிப்பட்ட திட்டத்தை மத்தியப் பிரதேசத்தின் 4 மாவட்டங்களில் கடுமையான முறையில் சோதித்தார்கள். கைப்பேசி எட்டும் நிலையில் இருந்த 5,095 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கில்காரி அழைப்புகளை அனுப்பி, குழந்தைக்கு ஒரு வயதாகும்போது இரு குழுக்களையும் ஒப்பிட்டார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு உணவூட்டும் பழக்கங்களில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தற்காலிகக் கருத்தடை முறைகளின் பயன்பாடு, அழைப்பு பெற்ற குழுவில் 3.7 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு ஆணுறையுடையது.

இந்த ஆய்வின் தலைப்புச் செய்தியை விட இந்த ஆணுறை விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாய்க்கென்று தயாரித்த செய்தி, கணவன் கடைக்குப் போய் வாங்கவேண்டிய பொருளின் பயன்பாட்டைக் கூட்டியிருக்கிறது. ஏன் என்று ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. பின்வருவது என் ஊகம். கில்காரி அழைக்கும் எண்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது சுகாதாரப் பணியாளர் அரசுப் பதிவேட்டில் ஏற்றும் எண்கள். வட இந்தியக் கிராமத்தில் அந்த எண் பெரும்பாலும் கணவனுடையதாகவோ வீட்டுக்குப் பொதுவானதாகவோ இருக்கும். 2019-21 குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம், கிராமங்களில் 46.6 சதவீதம். தமிழ்நாட்டில் இது 74.6, மேற்படி சோதனை நடந்த மத்தியப் பிரதேசத்தில் 38.5. கணவன் கையில் இருக்கும் போன் ஒலிக்கிறது, கணவன் கேட்கிறான், கணவனால் செய்ய முடிந்தது நடக்கிறது. ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தரவேண்டாம் என்ற செய்தி அதே காதில் விழுந்தால் அவன் என்ன செய்வான்? பல வீடுகளில் அதை முடிவு செய்பவர் அவனும் அல்ல, மனைவியும் அல்ல, அவனுடைய தாய். போன் அவர் பக்கம் போகவே இல்லை.

அழைப்புகள் சரியாகப் போய்ச் சேராததுதான் சிக்கல், சேர்ந்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. எண் மாறிவிடுகிறது, சிம் மாறிவிடுகிறது, அழைப்பு வரும் நேரத்தில் பெண் வயலில் இருக்கிறாள், போன் கணவனோடு வேலைக்குப் போயிருக்கிறது. இவற்றைச் சரிசெய்தால் பலன் கூடலாம் என்பதற்கு ஆர்ம்மான் அமைப்பே மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடத்திய 'எம்மித்ரா' சேவை ஓர் எடுத்துக்காட்டு. அதுவும் குரல் அழைப்புதான். அங்கே செய்த ஆய்வில், ஓராண்டில் பிறப்பு எடையைப் போல மூன்று மடங்கு எட்டிய குழந்தைகளின் விகிதம் அழைப்பு பெற்ற குழுவில் கூடியிருந்தது. ஷாங்காய் நகரில் குறுஞ்செய்திகளை மட்டும் அனுப்பிய ஆய்வும் உண்டு. 2014இல் வெளியான அதன் முடிவில், ஆறாம் மாதம்வரை தாய்ப்பால் மட்டும் தந்தவர்கள் செய்தி பெற்ற குழுவில் 15.1 சதவீதம், பெறாத குழுவில் 6.3 சதவீதம். இந்த இரண்டையும் ஒதுக்க முடியாது. ஆனால் இரண்டும் நகரங்கள். எம்மித்ராவில் பெண்களை நேரில் சந்தித்துச் சேர்த்தார்கள். எந்த நேரத்தில் அழைக்க வேண்டும் என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுத்தாள். அதாவது, பதிவுக் குரலுக்கு முன்னால் ஒரு மனிதர் வந்துபோயிருக்கிறார், போனும் அவள் கைக்கு எட்டும் நிலையில் இருந்திருக்கிறது. ஷாங்காயில் பலன் கிடைத்த பிறகும் நூற்றுக்கு 85 தாய்மார்கள் ஆறு மாதத்துக்குள் வேறு உணவோ பாலோ கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தாலும் பதிவுக் குரலால் தீராத சிக்கல் ஒன்று, உணவூட்டும் செயலிலேயே இருக்கிறது. தடுப்பூசி என்பது ஒரு தேதி; நினைவூட்டினால் போதும். தாய்ப்பால் என்பது ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, ஆறு மாதம், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ஐயத்தோடு நடக்கும் காரியம். பாதியில் நிறுத்தும் தாய்மார்கள் உலகெங்கும் சொல்லும் முதல் காரணம் பால் போதவில்லை என்பது. பெரும்பாலும் பால் போதுமான அளவு இருக்கும். குழந்தை சரியாகக் கவ்வாமல் இருக்கும், அல்லது மாலையில் அழுவதைப் பசி என்று பாட்டி எடுத்துக்கொண்டிருப்பார். உடனே பசும்பால் வருகிறது. குழந்தை மார்பில் குடிப்பது குறைகிறது. குடிப்பது குறையக் குறையச் சுரப்பதும் குறைகிறது. கடைசியில் பால் போதவில்லை என்ற சொல் உண்மையாகிவிடுகிறது. இந்தச் சுழலை உடைக்க யாராவது கேள்வி கேட்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது? எடை ஏறியிருக்கிறதா? வைக்கும்போது வலிக்கிறதா? பதிவு செய்த குரல் தாய்ப்பால் போதும் என்று உறுதிபடச் சொல்லும். எதிரில் இருப்பவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அதற்குத் தெரியாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு இது இன்னும் சிக்கலாகிறது. அதே 2019-21 குடும்பநல ஆய்வின்படி, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் திட உணவும் தாய்ப்பாலும் சேர்த்துப் பெறுபவர்கள் 45.9 சதவீதம், ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதிய அளவிலும் வகையிலும் உணவு பெறுபவர்கள் 11.3 சதவீதம். இந்த 11.3 தான் இந்தியக் குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதைப் பற்றிய எந்தப் பேச்சிலும் முதலில் வரவேண்டிய எண் என்பேன். தாய்ப்பாலுக்குக் கிடைக்கும் வார விழாக்களும் சுவரொட்டிகளும் இதற்குக் கிடைப்பதில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதற்கு மேல் ஆறு-எட்டு மாதத்தில் சுமார் 200 கிலோகலோரியும், ஒரு வயதுக்குப் பின் சுமார் 550 கிலோகலோரியும் உணவிலிருந்து வேண்டும். குழந்தையின் இரைப்பையோ மிகச் சிறியது. பருப்பு கொடுங்கள் என்று போன் சொல்கிறது. வீட்டில் பருப்புத் தண்ணீரை வடித்துக் கொடுக்கிறார்கள். சொன்னபடிதான் செய்கிறார்கள், ஆனால் வயிறு நிறைவது தண்ணீரால். எவ்வளவு கெட்டியாக என்று வாயால் விளக்குவது கடினம். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று ஓடாமல் மெல்ல நழுவ வேண்டும் என்பதை, அந்த வீட்டுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் காட்ட வேண்டும். குழந்தை துப்பினால் பிடிக்கவில்லை என்று பொருள் இல்லை, நாக்கு இன்னும் பழகவில்லை என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

மனிதர் பேசினால் பலன் எவ்வளவு இருக்கும் என்பதற்குப் பழைய அளவுகோல்கள் இருக்கின்றன. டாக்காவில், பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் தாய்மார்களின் வீட்டுக்கு 15 முறை போய் வந்த சோதனையில், ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் தந்தவர்கள் 70 சதவீதம். யாரும் போகாத பகுதிகளில் 6 சதவீதம். இது 2000இல் வெளியான முடிவு. 2003இல் வெளியான ஹரியானா கிராமங்களின் சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் புதிதாக யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆலோசனை சொல்லும் பயிற்சி தந்தார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகள் அங்கே 79 சதவீதம், ஒப்பீட்டுக் கிராமங்களில் 48 சதவீதம், வயிற்றுப்போக்கும் குறைந்தது. இந்தப் பேச்சைக் கைப்பேசிக்குக் கொண்டுபோக முடியுமா என்று நாக்பூரில் நான்கு மருத்துவமனைகளில் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் வாரம் ஒருமுறை தாயை அழைத்துப் பேசினார். தினமும் ஒரு குறுஞ்செய்தியும் போனது. 2018இல் வெளியான முடிவின்படி, ஆறாம் மாத அளவில் தாய்ப்பால் மட்டும் தந்தவர்கள் அழைப்பு பெற்ற குழுவில் ஏறக்குறைய 97 சதவீதம், மற்ற குழுவில் 48 சதவீதத்தை ஒட்டி. அதே கருவிதான். ஒரு முனையில் பதிவுக் குரலுக்குப் பதில், கேட்டுப் பதில் சொல்லும் ஆள் இருந்தார் என்பதே வேறுபாடு.

இந்த 97ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. நாக்பூரில் குலுக்கல் முறை இல்லை. இரண்டு மருத்துவமனைகளை மற்ற இரண்டோடு ஒப்பிட்டார்கள். வாரந்தோறும் அழைத்துத் தாய்ப்பால் மட்டும்தானே என்று கேட்கும் அக்கறையான குரலிடம், நேற்று கொஞ்சம் கிரைப் வாட்டர் கொடுத்தேன் என்று ஒரு தாய் சொல்வாள் என்று எதிர்பார்க்க முடியாது. உணவூட்டல் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குறை உண்டு, ஏனென்றால் அவை தாயின் வாய்மொழியை நம்பியவை. ஆனால் இதே குறை கில்காரிச் சோதனைக்கும் பொருந்தும். எதைச் சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும் என்பதை 72 செய்திகளில் கேட்டறிந்த பெண்களிடம்கூட அங்கே வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் உரையாடலின் பலனில் ஒரு பகுதியை மிகை என்று கழித்தாலும், மீதம் இருப்பது பதிவுக் குரலின் பலனை விடப் பெரியதாகவே இருக்கும்.

ஆலோசகரே இல்லாமல் போன் உரையாடலைத் தூண்டிய இடமும் உண்டு. வட நைஜீரியாவின் பவுச்சி மாநிலத்தில் சிறுகடன் பெறும் பெண்களின் குழுக்களில் நடந்த சோதனை, இந்தத் துறையில் நான் அறிந்தவற்றில் மிகவும் கூர்மையான சிந்தனை உடையது. மாதக் கூட்டத்தில் தாய்ப்பாலைப் பற்றிப் பேச்சு. அதோடு, பெண்ணுக்கு ஒரு போன் என்றில்லாமல் சிறு குழுவுக்கு ஒரு போன். வாரந்தோறும் வரும் செய்தியைக் குழுவாகக் கூடிக் கேட்டு, அதை வைத்துப் பாட்டோ நாடகமோ கட்டி, அடுத்த கூட்டத்தில் ஆடிக்காட்ட வேண்டும். 2014இல் வெளியான முடிவில், ஆறாம் மாதம்வரை தாய்ப்பால் மட்டும் தந்தவர்கள் இந்தக் குழுக்களில் 64 சதவீதம், ஒப்பீட்டுக் குழுக்களில் 43. போன் பற்றாக்குறையை அவர்கள் குறையாகக் கருதாமல் கூட்டம் சேர்க்கும் காரணமாக மாற்றிக்கொண்டார்கள். பீகாரிலும் இந்த எண்ணம் தோன்றாமல் இல்லை. கில்காரிக்கு ஓராண்டு முன்பே அங்கே 'மொபைல் குஞ்சி' வந்துவிட்டது: வளையத்தில் கோத்த 40 படஅட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குறுக்கு எண். ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய் அட்டையைக் காட்டி, தன் போனில் அந்த எண்ணைப் போட்டு, டாக்டர் அனிதாவின் குரலை மாமியார், மருமகள், அண்டை வீட்டார் எல்லோரும் கேட்க ஒலிக்கவிடுவார். சாதாரணக் கிராமத்துப் பெண் சொன்னால் மதிக்காத மாமியார், டாக்டர் சொன்னால் காது கொடுப்பார். குரல் அதே குரல்தான். ஆனால் கேட்டு முடித்ததும் கேள்வி கேட்க எதிரில் ஆள் இருந்தார். நாடளாவிய திட்டமாக விரிவாக்க அரசு தேர்ந்தெடுத்ததோ, நேராகப் போனுக்கு அழைக்கும் கில்காரியை.

அந்தத் தேர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆளை வைத்துப் பேசுவது ஆயிரம் பேருக்கு முடியும், கோடிப் பேருக்கு முடியாது. ஒருவழி அழைப்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சிறிய பலன் கிடைத்தாலும் கோடியால் பெருக்கும்போது பெரிதாகிவிடும் என்பது கொள்கை வகுப்போரின் வாதம். கருத்தடை விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம். அதற்காகவே கில்காரியைத் தொடரலாம். குழந்தை உணவைப் பொறுத்தவரை, பெருக்குவதற்குக் கையில் ஒரு பலன் முதலில் வேண்டும். மேலும், ஆள் இல்லை என்ற அனுமானமே தவறு. நாட்டில் சுமார் 10 லட்சம் ஆஷா பணியாளர்கள், ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய வீட்டுவழிக் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி, குழந்தையின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஆஷா வீட்டுக்கு வரவேண்டும். உணவு மாறும் மாதங்களைக் குறிவைத்தே இந்த ஐந்து வருகைகளும் வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்த வருகைகள் நடக்கின்றனவா, நடந்தால் என்ன பேசப்படுகிறது என்பதே கேள்வி. இங்கேதான் கைப்பேசிக்கு உண்மையான வேலை இருக்கிறது. பீகாரின் சகர்சா மாவட்டத்தில் கேர் இந்தியா அமைப்பு 70 துணைச் சுகாதார நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து இதைச் சோதித்தது. பணியாளரின் போனில் ஒரு செயலி. யார் வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று நினைவூட்டும், போனதும் என்ன கேட்கவேண்டும் என்று வழிகாட்டும். வருகைகள் கூடின, தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் இணையுணவு தொடர்பான பழக்கங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது.

அந்த அனுபவத்திலிருந்து நாடு எடுத்துக்கொண்ட பாடம் வருத்தத்துக்குரியது. பணியாளர் கையில் செயலி என்பது மட்டும் எஞ்சியது. அது யாருக்காக என்பது மாறிவிட்டது. அங்கன்வாடிகளுக்கென 2021 மார்ச்சில் வந்த 'போஷன் டிராக்கர்' செயலி முதன்மையாகத் தரவைக் கீழிருந்து மேலே அனுப்பும் கருவி. வருகை, எடை, உயரம், உணவுப் பொட்டலம், எல்லாம் ஏற்றப்பட வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் அரசு தந்த போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள்: செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது, போன் அதன் சுமையைத் தாங்கவில்லை. 2025 ஜூலையிலிருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் உணவைப் பெற முகச் சரிபார்ப்பு கட்டாயம் என்றாகியிருக்கிறது. கசிவைத் தடுக்க இது வேண்டும் என்பார்கள். கசிவு இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பணியாளரின் வேலை நாளில் இருப்பது குறிப்பிட்ட மணிநேரம்தான். சிக்னல் தேடி முகத்தைப் படம் பிடிக்கப் போகும் ஒவ்வொரு பத்து நிமிடமும், பருப்பைக் கெட்டியாகக் கரைத்துக் காட்டப் போயிருக்க வேண்டிய பத்து நிமிடம்.

அடிப்படையான மறுப்பு ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. ஆலோசனை எந்த வடிவில் வந்தால் என்ன? வங்கதேசத்தில் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2012-14இல் நடத்திய சோதனை இதற்கு நேரான பதில். ஏழைக் குடும்பங்களில் சிலருக்குப் பணம் மட்டும், சிலருக்குப் பணத்தோடு முறையான ஊட்டச்சத்து ஆலோசனை. பணம் மட்டும் கிடைத்த இடத்தில் குழந்தைகளின் வளர்ச்சி குன்றல் குறையவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் 7.3 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஆகவே வறுமையைக் காட்டி ஆலோசனையை ஒதுக்குவதும், ஆலோசனையைக் காட்டி வறுமையை மறப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். தாயின் நேரமும் இந்தக் கணக்கில் வரவேண்டும். 26 வார மகப்பேறு விடுப்பு அமைப்புசார்ந்த வேலையில் இருக்கும் பெண்ணுக்குத்தான். நாற்று நடப் போகும் பெண்ணுக்கு அது இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று அவளிடம் வாரந்தோறும் சொல்லும் அரசு, அந்த ஆறு மாதக் கூலிக்கு என்ன வழி என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

போனில் வரும் குரல் அரசுடையது மட்டும் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைப் பால்மாவு நிறுவனங்களின் இணைய விளம்பரத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றின் சமூக ஊடகக் கணக்குகள் நாளொன்றுக்குச் சுமார் 90 முறை பதிவிட்டு 22.9 கோடிப் பயனர்களை எட்டுவதாகக் கணக்கிட்டது. இந்த விளம்பரங்கள் அந்த முத்திரை இல்லாமல், தாய்மார் குழுக்களாகவும் ஆலோசனைச் செயலிகளாகவும் வருகின்றன. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டமும் அதன் 2003 திருத்தமும் இத்தகைய விளம்பரத்தைத் தடை செய்கின்றன. ஆனால் அச்சு, தொலைக்காட்சி, மருந்துக்கடை ஆகியவற்றை மனதில் வைத்து வந்த சட்டம் அது. கவனிக்க வேண்டியது, அந்த நிறுவனங்கள் கைப்பேசியைப் பயன்படுத்தும் விதம். பதிவுக் குரலை வாரம் ஒருமுறை அனுப்பிவிட்டு அவர்கள் ஓய்ந்திருப்பதில்லை. கேள்வி கேட்க அழைக்கிறார்கள், நள்ளிரவிலும் பதில் சொல்கிறார்கள், தாயின் பதற்றத்தை அடையாளம் கண்டு அங்கேயே பேசுகிறார்கள். உரையாடலின் வலிமை வணிகத்துக்குப் புரிந்த அளவுக்குப் பொதுச் சுகாதாரத் துறைக்குப் புரியவில்லை. இன்று பட்டன் போன் வைத்திருக்கும் கிராமத்துத் தாயின் கைக்கு நாளை ஸ்மார்ட்போன் வரும்போது, பால் போதவில்லையே என்று அவள் தட்டச்சு செய்யும் கேள்விக்கு யார் முதலில் பதில் சொல்கிறார்கள் என்பது பெரிய விஷயமாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை, நினைவுபடுத்திக்கொள்ள இருக்கிறது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பணியாளர் மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை ஏறாத குழந்தையின் தாயிடம் அந்தக் குழந்தையைப் பற்றியே பேசினார். பொது அறிவுரை இல்லை. இந்த மாதம், இந்தக் குழந்தை, இந்தக் கிண்ணம். அன்று அவரிடம் போன் இல்லை. இன்று போன் இருக்கிறது. அதை வைத்து அந்தப் பேச்சை மாதத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து வேண்டும்போதெல்லாம் என்று மாற்ற முடியும். பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களும் ஆறாம் மாதத்தை ஒட்டிய வாரங்களும் தாய் திணறும் காலம். அந்த வாரங்களில் மட்டுமாவது, பயிற்சி பெற்ற ஒருவர் அழைத்துப் பேசவும், தாய் தவறிய அழைப்பு விட்டால் திரும்ப அழைக்கவும் ஏற்பாடு செய்யலாம். முதல் மணி நேரத் தாய்ப்பாலுக்கோ தாய்க்கு அழைப்பு அனுப்பிப் பயனில்லை. பிரசவ அறைக்கு இன்னொரு ஆள் வேண்டும். புதிய கைப்பேசித் திட்டம் எதுவானாலும், எத்தனை லட்சம் அழைப்புகள் போயின என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, எதிர்முனையில் யார் இருக்கிறார், அவருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்பதே முறையான ஆய்வு. இப்போதைய விடை இது: ஐந்து வருகைகளையும் முடித்தால் ஒரு குழந்தைக்கு ஆஷா பெறும் ஊக்கத்தொகை 250 ரூபாய், அதாவது ஒரு வருகைக்கு 50 ரூபாய். குழந்தை உணவுக்கென்று கைப்பேசியில் போடவிருக்கும் அடுத்த முதலீட்டை முதலில் இங்கே போட வேண்டும்.